அமெரிக்கக் கருத்துக்கணிப்பைப் படிப்பது எப்படி: செய்முறைக் குறிப்பிலிருந்து வாக்குப்பெட்டி வரை

'இவருக்கு 48%, அவருக்கு 47%' என்று ஒரு வரி வந்தவுடன் கண் அந்த இரண்டு எண்களுக்குத்தான் ஓடும். கணிப்பு படித்துப் பழகியவர்கள் அவற்றைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். எண்ணை முதலில் பார்த்துவிட்டால் மனசு கட்சி கட்டிவிடும். பிடித்த எண்ணாக இருந்தால் கணிப்பு முறை ஒழுங்காகத் தெரியும், பிடிக்காத எண்ணாக இருந்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

அமெரிக்கத் தேர்தல் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர்கள், அரசியல் அறிவியல் மாணவர்கள், அங்கே குடியுரிமை வாங்கி முதல் முறை வாக்களிக்கப் போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முந்தைய படியில் கிடைக்கும் விடை இல்லாமல் அடுத்த படியில் எதை நம்புவது என்று தெரியாது.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

செய்தியை மூடிவிட்டு, கணிப்பை நடத்திய நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள். வழக்கமாக மூன்று ஆவணங்கள் இருக்கும். கேட்ட கேள்விகளைக் கேட்ட வரிசையிலேயே, மொத்த விடைகளோடு தருவது டாப்லைன். அதையே வயது, இனம், படிப்பு வாரியாகப் பிரித்துத் தருவது கிராஸ்டேப். யாரை, எப்படி, எப்போது கேட்டார்கள் என்று சொல்வது செய்முறைக் குறிப்பு. முதலில் திறக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான்.

செய்முறைக் குறிப்பே இல்லையா? அங்கேயே நிறுத்திவிடலாம். வேட்பாளர்களின் பிரச்சாரக் குழுக்கள் கசியவிடும் 'உள் கணிப்பு'கள் பெரும்பாலும் இந்த வகைதான். தங்களுக்குச் சாதகமாக வந்ததை மட்டும்தான் வெளியே விடுவார்கள்.

அடுத்து, அமெரிக்க சென்சஸ் அலுவலகத்தின் இரண்டு அட்டவணைகள் தேவை. ஒன்று, ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே. வயது, இனம், குடியுரிமை, படிப்பு, வீட்டில் பேசும் மொழி எல்லாம் அதில் கிடைக்கும். இன்னொன்று, இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பரில் கரண்ட் பாப்புலேஷன் சர்வேயோடு சேர்த்துக் கேட்கப்படும் வாக்களிப்பு இணைப்பு. வாக்களித்தீர்களா, பதிவு செய்திருக்கிறீர்களா என்று இதில் கேட்பார்கள். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள். சென்சஸ் தளத்தில் கட்சி ஆதரவைத் தேடி அரை நாளை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, அந்த மாநிலத்தின் முந்தைய தேர்தலின் உண்மையான முடிவும், வர்க்கமூலம் போடக்கூடிய ஒரு கால்குலேட்டரும். முடிவை மாநிலத்தின் தேர்தல் அலுவலகத் தளத்திலிருந்தே எடுங்கள்.

2. எந்தத் தேதிகளில், எந்தக் கூட்டத்தைக் கேட்டார்கள்?

வெளியான தேதி வேறு, கேள்வி கேட்ட தேதிகள் வேறு. 2024 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 27 அன்று பைடன்–டிரம்ப் விவாதம். ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு. ஜூலை 21 அன்று பைடன் விலகல். ஜூலை 16இல் வெளியாகும் ஒரு கணிப்பு, 9 முதல் 12 வரை கேட்ட கேள்விகளைக் கொண்டதாக இருந்தால், அது துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய நாட்டைத்தான் காட்டும். 'தாக்குதலுக்குப் பின் ஆதரவு' என்று அதற்குத் தலைப்பு வைக்க முடியாது.

தேதியைக் குறித்துக்கொண்டபின், மூன்று கூட்டங்களில் எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள்: எல்லா வயதுவந்தோர், பதிவு செய்த வாக்காளர்கள், வாக்களிக்க வாய்ப்புள்ளவர்கள். அதிபரின் செயல்பாடு பற்றிய கேள்விக்கு முதல் கூட்டம் போதும். தேர்தல் முடிவைப் பற்றிப் பேச இரண்டாவதோ மூன்றாவதோ வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'போன மாதம் 4 புள்ளி முன்னிலை, இந்த மாதம் 2, ஆதரவு சரிகிறது' என்று எழுதிவிடுவார்கள். போன மாதத்து எண் பதிவு செய்த வாக்காளர்களுடையது, இந்த மாதத்து எண் வாக்களிக்க வாய்ப்புள்ளவர்களுடையது. பல நிறுவனங்கள் செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ஒரே ஒரு ஆள்கூட மனம் மாறாமலேயே எண் நகரும்.

வாக்களிக்க வாய்ப்புள்ளவர் யார் என்பதை எப்படி முடிவு செய்தார்கள் என்பதையும் படியுங்கள். சிலர் கேள்விகளை வைத்து முடிவு செய்வார்கள்: எவ்வளவு ஆர்வம், முன்பு வாக்களித்திருக்கிறீர்களா, வாக்குச்சாவடி எங்கே என்று தெரியுமா? சிலர் வாக்காளர் பட்டியலைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஒருவர் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது மாநிலப் பதிவில் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது மட்டுமே ரகசியம். பட்டியலை வைத்துச் செய்யும் கணிப்பு இந்த ஒரு விஷயத்தில் ஒரு படி மேல், ஏனென்றால் 'கட்டாயம் போடுவேன்' என்று சொல்பவர்கள் எல்லோரும் போடுவதில்லை.

ஒரு சின்னச் சோதனையையும் இங்கேயே செய்துவிடுங்கள். 'விஸ்கான்சினில் பதிவு செய்த ஜனநாயகக் கட்சியினர் இத்தனை லட்சம்' என்று எங்காவது பார்த்தால் சந்தேகப்படுங்கள். விஸ்கான்சின், மிச்சிகன், ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது. பென்சில்வேனியா, நெவாடா, அரிசோனா, வட கரோலினாவில் உண்டு. வட டகோட்டாவில் வாக்காளர் பதிவே இல்லை.

3. அந்த ஆட்களை எங்கிருந்து பிடித்தார்கள்?

தொலைபேசியில் கூப்பிட்டால் பேசுபவர்கள் இப்போது அபூர்வம். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்குப் பதில் சொன்னவர்கள் 1997இல் 36%. 2018இல் அது 6% ஆகிவிட்டது. அதனால் நிறுவனங்கள் வேறு வழிகளுக்குப் போய்விட்டன. நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டே வகைதான்.

முதல் வகையில் நிறுவனம் ஆளைத் தேடிப் போகிறது. அஞ்சல் முகவரிப் பட்டியலிலிருந்தோ வாக்காளர் பட்டியலிலிருந்தோ குலுக்கல் முறையில் பெயர் எடுக்கிறார்கள். பியூவின் அமெரிக்கன் டிரெண்ட்ஸ் பேனல், அதாவது திரும்பத் திரும்பக் கேள்வி கேட்க வைத்திருக்கும் நிலையான குழு, இப்படித்தான் ஆள் சேர்க்கிறது. நியூயார்க் டைம்ஸ்–சியனா கணிப்பு வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கிறது. இரண்டாவது வகையில் ஆள் தானாக வந்து சேர்கிறார்: இணையத்தில் விளம்பரம் பார்த்து, புள்ளிகளோ பரிசுக் கூப்பனோ கிடைக்கும் என்று பதிவு செய்துகொண்டவர்கள்.

இரண்டாவது வகை எப்போதும் குப்பை என்று சொல்ல வரவில்லை. நன்றாக நடத்தப்படும் சில இணையக் கணிப்புகள் தேர்தல் முடிவுக்குப் பக்கத்தில் வந்திருக்கின்றன. ஆனால் இளைஞர்கள், ஹிஸ்பானியர்கள் (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பற்றிய எண்கள் அதில் எளிதாகக் கெட்டுப்போகும். பியூ ஒரு சோதனை செய்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் உரிமம் இருக்கிறதா என்று தானாக வந்து சேர்ந்த கூட்டத்திடம் கேட்டார்கள். 30 வயதுக்குக் கீழே இருப்பதாகச் சொன்னவர்களில் 12% பேர் 'இருக்கிறது' என்றார்கள். ஹிஸ்பானியர் என்று சொன்னவர்களில் 24%. உண்மையில் அப்படிப்பட்டவர்கள் நாட்டிலேயே ஒரு கைப்பிடி. கேள்வியைப் படிக்காமல் ஆம், ஆம் என்று தட்டிவிட்டுப் பரிசை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், வயதையும் இனத்தையும்கூட வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே 'இளைஞர்களில் ஐந்தில் ஒருவர் நம்பும் அதிர்ச்சித் தகவல்' என்று ஏதாவது வந்தால், முதலில் இந்தப் படிக்கு வாருங்கள். அரிதான, விபரீதமான ஒரு கருத்து திடீரென்று இளைஞர்களிடம் மட்டும் பெருகியிருந்தால், பெரும்பாலும் காரணம் ஆள் பிடித்த விதம்தான்.

4. எடை எப்படிப் போட்டார்கள்?

கிடைத்த ஆயிரம் பேரும் நாட்டின் அச்சு அல்ல. வயதானவர்கள், பட்டதாரிகள், வெள்ளையர்கள் கொஞ்சம் அதிகமாகவே பதில் சொல்வார்கள். அதைச் சரிக்கட்ட, குறைவாக வந்த பிரிவினரின் விடைக்கு அதிக எடையும், அதிகமாக வந்தவர்களுக்குக் குறைந்த எடையும் போடுவார்கள். எந்தெந்தக் காரணிகளுக்கு எடை போட்டார்கள் என்ற பட்டியல் செய்முறைக் குறிப்பில் இருக்கும்.

அந்தப் பட்டியலில் படிப்பு இருக்கிறதா? 2016இல் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலக் கணிப்புகள் டிரம்பைக் குறைத்துக் காட்டியதற்கு ஒரு முக்கியக் காரணம், பல நிறுவனங்கள் படிப்புக்கு எடை போடாததுதான். அமெரிக்காவில் 25 வயதைக் கடந்தவர்களில் பட்டதாரிகள் பத்தில் நான்கு பேருக்கும் குறைவு. கணிப்புக்குப் பதில் சொல்பவர்களிலோ அவர்கள் பங்கு அதைவிடப் பெரிது. முன்பெல்லாம் இதனால் பெரிய கெடுதல் இல்லை. பட்டதாரி ஒரு பக்கம், பட்டம் இல்லாதவர் மறுபக்கம் என்று வெள்ளையர் வாக்கு கூர்மையாகப் பிரிந்தபிறகு, கெடுதல் வந்துவிட்டது.

படிப்பைச் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2020இல் பெரும்பாலானோர் சேர்த்தார்கள். அப்படியும் தேசிய வாக்கைப் பொறுத்தவரை 40 ஆண்டுகளில் மிகப் பெரிய பிழை அந்த ஆண்டில்தான். ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே ஊர்க்காரர்களிலும், கணிப்புக்குப் பதில் சொல்பவரும் சொல்லாதவரும் அரசியலில் வேறுபட்டிருந்தால் எந்த எடையும் உதவாது. இதற்கு மருந்தாக இப்போது பலர் 'போன முறை யாருக்கு வாக்களித்தீர்கள்' என்று கேட்டு அதற்கும் எடை போடுகிறார்கள். அதில் வேறு சிக்கல்: ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் மனிதருக்கு உண்டு.

எடை போடுவதில் ஆய்வாளரின் கை எவ்வளவு புகுந்து விளையாடும் என்பதற்கு 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் செய்த ஒரு பரிசோதனை போதும். புளோரிடாவில் 867 பேரிடம் திரட்டிய ஒரே விடைத்தொகுப்பை நான்கு ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு கிளின்டன் 4 புள்ளி முன்னிலை, இன்னொன்றுக்கு டிரம்ப் 1 புள்ளி முன்னிலை. ஆட்கள் அதே 867 பேர்.

எடை எல்லை மீறினால் என்ன ஆகும்? அதே ஆண்டு, சுமார் 3,000 பேர் கொண்ட ஒரு தொடர் கணிப்பில் இல்லினாயைச் சேர்ந்த, டிரம்பை ஆதரித்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் இருந்தார். அவரைப் போன்றவர்கள் அதில் குறைவு என்பதால், சராசரி ஆளைப்போல 30 மடங்கு எடை அவருக்கு. அவர் அந்த வாரம் பதில் சொன்னால் கறுப்பின வாக்காளர்களிடம் டிரம்ப் ஏறுவார், சொல்லாவிட்டால் இறங்குவார். இதனால்தான் அதிகபட்ச எடைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறேன்.

5. கேள்வியை ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள்

செய்தி தருவது விடையின் சுருக்கம். கேள்வியின் சொற்கள் டாப்லைனில் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

2003 ஜனவரியில், சதாம் உசேனின் ஆட்சியை முடிக்க ஈராக்கில் ராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா என்று பியூ கேட்டபோது 68% பேர் ஆதரித்தார்கள். ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் பாதிக்கப்படலாம் என்றாலும் ஆதரிப்பீர்களா என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்ததும் 43% ஆகிவிட்டது. மரண தண்டனையும் இப்படித்தான். 2019இல் கேலப் கணிப்பு நிறுவனம் 'கொலைக்குற்றவாளிக்கு மரண தண்டனையை ஆதரிக்கிறீர்களா' என்று கேட்டபோது 56% பேர் ஆம் என்றார்கள். 'மரண தண்டனையா, பரோலே இல்லாத ஆயுள் சிறையா, எது மேல்' என்று கேட்டபோது 60% பேர் ஆயுள் சிறை என்றார்கள். இரண்டும் உண்மை. அமெரிக்கர்கள் மரண தண்டனையை ஆதரிக்கிறார்கள் என்றோ எதிர்க்கிறார்கள் என்றோ ஒற்றை வரியில் எழுதினால்தான் பொய்யாகும்.

கட்சி பற்றிய கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. கேலப் கணக்கில் 2024இல் தங்களைச் சுயேச்சை என்று சொன்னவர்கள் 43%. அதை வைத்து 'நாட்டில் பாதிப் பேர் எந்தக் கட்சியையும் சேராதவர்கள், யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுப்பார்கள்' என்று எழுதுவது தப்பு. அடுத்த கேள்வி 'எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்' என்பது. அதைக் கேட்டவுடன் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு கட்சிப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். சாய்பவர்கள் வாக்களிக்கும் விதம் கட்சிக்காரர்களைப் போலவே இருக்கும். உண்மையாகவே நடுவில் நிற்பவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான்.

6. பிழை வரம்பை நீங்களே போட்டுப் பாருங்கள்

எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டதால் எண் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதே பிழை வரம்பு. சூத்திரம் சுலபம். 98ஐ, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 1,000 பேருக்கு வர்க்கமூலம் 31.6, பிழை வரம்பு ±3.1 புள்ளி. 400 பேருக்கு ±4.9. 100 பேருக்கு ±9.8.

இது ஒரு வேட்பாளரின் எண்ணுக்கு மட்டும். இருவருக்கும் இடையிலான முன்னிலைக்கு வரம்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஏனென்றால் ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். 1,000 பேரிடம் 48–47 என்று வந்தால், அந்த 1 புள்ளி முன்னிலையின் வரம்பு சுமார் ±6. 'பிழை வரம்பு 3, முன்னிலை 4, ஆகவே உறுதி' என்ற கணக்கு இதனால்தான் தவறு.

எடை போட்டதால் வரும் இழப்பும் உண்டு. குறிப்பில் 'டிசைன் எஃபெக்ட்' 1.5 என்று இருந்தால், உங்கள் 1,000 பேர் நடைமுறையில் 667 பேருக்குச் சமம். வரம்பு 3.1 அல்ல, 3.8. நல்ல நிறுவனங்கள் இதைச் சேர்த்தே அச்சிடும்.

இத்தனையும் குலுக்கல் பிழைக்கு மட்டும்தான். ஆள் பிடித்ததில், எடையில், கேள்வியில் வரும் பிழைகள் இந்த எண்ணில் இல்லை. பழைய கணிப்புகளை உண்மை முடிவோடு ஒப்பிட்டால், அச்சிட்ட வரம்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

7. உட்பிரிவுகளில் கை வைக்கும் முன்

கிராஸ்டேப்பைத் திறந்ததும் ஆசை பிறக்கும். 30 வயதுக்குட்பட்ட ஹிஸ்பானிய ஆண்கள் என்ன சொல்கிறார்கள், புறநகர்ப் பெண்கள் என்ன சொல்கிறார்கள்? முதலில் அந்தப் பத்தியின் தலையில் இருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். 50 பேர் என்றால் வரம்பு ±14. 100 பேருக்குக் கீழே இருந்தால் அந்தப் பத்தியை எழுதாமல் விடுவதுதான் என் வழக்கம்.

பிரிவின் பெயருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்தது. ஹிஸ்பானியர் என்பது 2020 சென்சஸில் தனிக் கேள்வி, இனம் தனிக் கேள்வி. ஒருவர் ஹிஸ்பானியராகவும் வெள்ளையராகவும் இருக்க முடியும். 2024 மார்ச்சில் மத்திய அரசு இரண்டையும் ஒரே கேள்வியாக்கியது. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்ற புதிய கட்டத்தையும் சேர்த்தது. ஆகவே பழைய அட்டவணையையும் புதியதையும் அருகருகே வைக்கும்போது கட்டங்கள் ஒன்றா என்று பாருங்கள். மயாமியின் கியூபர்களும் லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோ வம்சாவளியினரும் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: 'அமெரிக்கத் தமிழர்கள் யாருக்கு வாக்களிக்கிறார்கள்?' கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் துளசேந்திரபுரம் என்பதால் 2020லும் 2024லும் இந்தக் கேள்வி ஓயவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 சென்சஸில் இந்திய வம்சாவளியினர் மட்டும் என்று பதிந்தவர்கள் சுமார் 44 லட்சம், மொத்த மக்கள்தொகை 33.14 கோடி. ஆயிரம் பேர் கொண்ட தேசியக் கணிப்பில் 13 பேர் வரலாம். அதில் எச்1பி விசாவில் இருப்பவர்களையும் பச்சை அட்டைக்காரர்களையும் கழித்தால் இன்னும் குறையும். அந்தச் சிலரில் தமிழர் எத்தனை பேர்? வீட்டில் தமிழ் பேசுபவர்களின் எண்ணிக்கை கம்யூனிட்டி சர்வேயில் கிடைக்கும், அவர்களின் வாக்கு எங்கும் கிடைக்காது. இந்திய அமெரிக்கர்களை மட்டும் கேட்கும் தனிக் கணிப்புகள் இருக்கின்றன. அவற்றை எடுத்து, மேலே சொன்ன ஆறு படிகளையும் திரும்ப ஓட்டுங்கள்.

8. மக்கள்தொகையிலிருந்து வாக்குப்பெட்டிக்கு

ஒரு பிரிவு பெரிதாக வளர்கிறது என்பதிலிருந்து அது தேர்தலைத் தீர்மானிக்கும் என்று தாவக் கூடாது. நடுவே நான்கு வடிகட்டிகள் இருக்கின்றன: வயது 18 ஆகியிருக்க வேண்டும், குடியுரிமை வேண்டும், பதிவு வேண்டும், அன்று வாக்களிக்கவும் வேண்டும்.

ஹிஸ்பானியர்களை வைத்தே பாருங்கள். 2020 மக்கள்தொகையில் அவர்கள் 18.7%. இளையவர்கள் அதிகம், குடியுரிமை இல்லாதவர்களும் கணிசம் என்பதால், வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் அவர்கள் பங்கு 13.3% ஆகச் சுருங்கியது. சென்சஸ் கணக்கில் அந்தத் தேர்தலில் மொத்தக் குடிமக்களில் 66.8% பேர் வாக்களித்தார்கள், ஹிஸ்பானியக் குடிமக்களில் 53.7%. இப்போது 13.3ஐ 53.7ஆல் பெருக்கி 66.8ஆல் வகுங்கள். 10.7 வரும். வாக்களித்தவர்களில் அவர்கள் பங்கு இவ்வளவுதான். எந்தப் பிரிவுக்கும் இதே கணக்கைப் போடலாம்.

வயதிலும் இதே கதை. 2020இல் 65 முதல் 74 வயது வரையிலான குடிமக்களில் 76% பேர் வாக்களித்தார்கள், 18 முதல் 24 வரையிலானவர்களில் 51.4%. இது அதிபர் தேர்தல். அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் இடைவெளி இன்னும் விரியும்.

வாக்குப்பதிவுச் சதவீதத்தை எடுக்கும்போது வகு எண்ணைக் கேளுங்கள். 2020இல் அதிபருக்குப் பதிவான வாக்குகள் சுமார் 15.84 கோடி. வயதுவந்தோர் 25.83 கோடியால் வகுத்தால் 61%. குடியுரிமை இல்லாதவர்கள், தண்டனையால் வாக்குரிமை இழந்தவர்கள் போக மீதமுள்ள சுமார் 24 கோடியால் வகுத்தால் 66%. இந்திய வாசகர்கள் இன்னொரு வகையில் குழம்புகிறார்கள். நம் தேர்தல் ஆணையம் பட்டியலில் உள்ளவர்களை வைத்து வகுக்கிறது, அமெரிக்க ஆய்வாளர்கள் தகுதியுள்ளவர்களை வைத்து. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் அமெரிக்கா உள்ளதைவிடச் சோம்பேறியாகத் தெரியும்.

எந்த வகைத் தேர்தல் என்பதும் முக்கியம். தகுதியுள்ளவர்களில் 2014 இடைக்காலத்தில் சுமார் 37% பேர்தான் வந்தார்கள், 2018இல் ஏறக்குறைய 50%, 2022இல் 46% அளவில். அதிபர் தேர்தலோடு இடைக்காலத்தை ஒப்பிட்டு 'வாக்காளர் ஆர்வம் சரிந்தது' என்று எழுதுவது எப்போதுமே தவறு.

வாக்களிப்பைத் தாண்டிய பங்கேற்பு, அதாவது தொண்டு செய்வது, கூட்டத்துக்குப் போவது, காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுவது போன்றவை பற்றிய கணிப்பு எண்களைக் கொஞ்சம் குறைத்தே படியுங்கள். கணிப்புக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்கிறவர் பொதுவாகவே ஊர்க்காரியத்தில் ஈடுபடுகிறவர். தொலைபேசிக் கணிப்பில் தொண்டர்களின் பங்கு சென்சஸ் காட்டியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்ததைப் பியூவே கண்டுபிடித்திருக்கிறது. எடை போட்டும் இது தீர்வதில்லை.

9. தேசிய எண்ணை மாநிலத்துக்கு இறக்குங்கள்

அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு, தேவை 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் வாங்கியவருக்கே எல்லா இடங்களும். 2016இல் கிளின்டன் நாடு முழுக்க சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கினார், அதாவது 2.1 புள்ளி. தேசியக் கணிப்புகளின் சராசரி அதற்கு வெகு பக்கத்தில்தான் இருந்தது. முடிவைத் தீர்மானித்ததோ மூன்று மாநிலங்களில் மொத்தம் சுமார் 78,000 வாக்குகள். 2020இல் பைடன் நாட்டளவில் 4.5 புள்ளி முன்னிலை, விஸ்கான்சினில் 0.6 புள்ளி மட்டுமே.

ஆகவே தேசியக் கணிப்பிலிருந்து மனநிலையையும் போக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், வெற்றி தோல்விக்கு மாநிலக் கணிப்புக்குப் போங்கள். பக்கத்து மாநிலங்களின் பிழைகள் ஒரே திசையில் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். விஸ்கான்சினில் கணிப்பு தவறினால் மிச்சிகனிலும் அதே பக்கம் தவறியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

10. ஒற்றைக் கணிப்பில் தொங்காதீர்கள்

2024 நவம்பர் 2 அன்று டெ மாயின் ரெஜிஸ்டர் நாளிதழின் அயோவா கணிப்பு வெளியானது. 808 பேரிடம் கேட்டது. ஹாரிஸ் 47, டிரம்ப் 44. பல தேர்தல்களில் நல்ல பெயர் எடுத்த கணிப்பு அது, அதனால் அன்றிரவு எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். மூன்று நாள் கழித்து டிரம்ப் அயோவாவை 13 புள்ளிகளில் வென்றார். நல்ல கைகளிலிருந்தும் விலகிய எண் வரும். சராசரியோடு ஒத்துப்போகாத எண்ணை மறைக்காமல் வெளியிட்டது ஒரு விதத்தில் நேர்மை, அதைத் தனியாகத் தூக்கிப் பிடித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், ஒரே நிறுவனம், ஒரே கூட்டம், ஒரே கேள்வி என்று வைத்து ஒப்பிடுங்கள். நிலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், பல நிறுவனங்களின் சராசரியைப் பாருங்கள்.

11. தேர்தல் முடிந்தபின் எந்த எண்ணை எடுப்பது?

தேர்தல் இரவன்று 'பெண்கள் இப்படி, ஹிஸ்பானியர்கள் அப்படி' என்று கொட்டும் எண்கள், 2024இல் எக்சிட் போல் என்னும் வாக்குச்சாவடிக் கணிப்பிலிருந்தோ, ஏபி செய்தி நிறுவனத்தின் வோட்காஸ்ட் கணிப்பிலிருந்தோ வந்தவை. இவையும் கணிப்புகள்தான். உண்மை முடிவு வரவர அதோடு பொருந்தும்படி எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு எடுத்த படத்தை மறுநாள் காலையிலும் பயன்படுத்துவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு.

2024இல் ஹிஸ்பானியர்களிடம் டிரம்ப் வாங்கியது எவ்வளவு? வோட்காஸ்ட் 43% என்றது, எக்சிட் போல் 46% என்றது. பிறகு பியூ, தன் பேனலில் உள்ளவர்களை வாக்காளர் பதிவோடு ஒப்பிட்டு, உண்மையாகவே வாக்களித்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது 48% வந்தது. பொறுக்க முடிந்தால் இந்த மூன்றாவது வகை ஆய்வுக்காகக் காத்திருங்கள், பல மாதம் ஆகும். அவசரமென்றால் எந்த மூலம் என்பதை வாக்கியத்திலேயே சொல்லுங்கள். 2020ஐயும் 2024ஐயும் ஒப்பிடும்போது இரண்டு ஆண்டுக்கும் ஒரே மூலத்தைப் பயன்படுத்துங்கள்.

12. இப்போது எண்ணை எழுதுங்கள்

கடைசியாக அந்த 48–47க்கு வரலாம். 'இவர் முந்துகிறார்' என்று எழுத இப்போது கை வராது. எழுத வேண்டியது இப்படி இருக்கும்: 'செப்டம்பர் 10 முதல் 14 வரை, பென்சில்வேனியாவில், வாக்களிக்க வாய்ப்புள்ள 1,000 பேரிடம், வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துத் தொலைபேசியில் கேட்டதில், இருவரும் ஏறத்தாழ சமநிலையில் இருக்கிறார்கள்: 48, 47. இதே நிறுவனத்தின் ஆகஸ்ட் கணிப்பிலிருந்து குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.' இது வெறும் உதாரண வாக்கியம், ஆனால் தேதி, இடம், கூட்டம், எண்ணிக்கை, மூலம், ஒப்பீடு என்று ஆறும் அதில் இருக்கின்றன. தலைப்புக்குச் சுவாரசியம் குறைவு என்று ஆசிரியர் முகம் சுளித்தால், தலைப்பை மாற்றச் சொல்லுங்கள், வாக்கியத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தசமத்தை எழுதாதீர்கள். ±3 வரம்புள்ள எண்ணில் 47.6 என்று போடுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். 46இலிருந்து 48க்குப் போனதை '2 சதவீதம் உயர்வு' என்று எழுதாமல் '2 சதவீதப் புள்ளி' என்று எழுதுங்கள். இது இரண்டும் டெஸ்க்கில் கடைசி நிமிடத்தில் திருத்தப்பட்டு, திரும்பத் தவறாகவே அச்சாகும் இடங்கள். ப்ரூஃப் வந்ததும் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.